தண்ணீரில் நனைந்த போன்: அறிகுறியை வைத்து என்ன செய்யலாம்

போன் தண்ணீரில் விழுந்து கைக்குத் திரும்பி வந்ததும் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: வேலை செய்கிறதா என்று பவர் பட்டனை அழுத்திப் பார்ப்பது. கொஞ்ச நேரம் கழித்து மனசு கேட்காமல் சார்ஜ் போட்டுப் பார்ப்பது. பழுது பார்க்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும், தண்ணீர் மட்டுமே கொன்ற போன்களைவிட இந்த இரண்டு சோதனைகளும் கொன்ற போன்கள் அதிகம். உள்ளே ஈரம் இருக்கும்போது மின்சாரம் ஓடக் கூடாது. கீழே வரும் எல்லா வழிமுறைகளும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் வருகின்றன.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் குழாயிலும் போர்வெல்லிலும் நமக்கு வருவது உப்புகள் கரைந்த தண்ணீர். போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் நெருக்க நெருக்கமாக இருக்கும் செம்புத் தடங்களுக்கு நடுவே அது புகுந்துவிட்டால், பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை அதன் வழியாக மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். பிளஸ் பக்கத்துச் செம்பு கரையும், மைனஸ் பக்கம் போய்ப் படியும். அப்படி வந்த போனைத் திறந்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், பேட்டரி கனெக்டரைச் சுற்றித்தான் முதலில் பச்சையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். போனை அணைத்த பிறகும் வோல்டேஜ் நிற்கிற இடம் அது.

முதல் சில நிமிடங்கள்

சார்ஜரில் இருக்கும்போதே நனைந்திருந்தால், போனைத் தொடுவதற்கு முன்னால் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் போனை எடுத்து, துடைத்து, உடனே ஆஃப் செய்யுங்கள். புதிய போன்கள் பலவற்றில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அசிஸ்டென்ட்தான் வந்து நிற்கும். மேலிருந்து நோட்டிஃபிகேஷன் திரையை இழுத்து அங்கே இருக்கும் பவர் குறியைத் தொடுங்கள். ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஏதாவது ஒரு வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் அணைப்பதற்கான ஸ்லைடர் வரும். ஈரத்தில் டச் எடுக்கவில்லை என்றால் உலர்ந்த பருத்தித் துணியால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடிப்பது பல ஆண்ட்ராய்டு போன்களில் ரீஸ்டார்ட் மட்டும்தான் செய்யும், அணைக்காது. அதை நம்பி இருக்க வேண்டாம்.

ஏற்கெனவே அணைந்து கிடந்தால் அப்படியே கிடக்கட்டும்.

பட்டன் போன் என்றால் வேலை சுலபம். பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியை எடுத்துவிடுங்கள், முக்கால் ஆபத்து அதோடு போய்விட்டது. பெரியவர்கள் வைத்திருக்கும் சின்னப் போன்கள் கிணற்றடியில் விழுந்தாலும் பிழைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். பேட்டரியையும் அதன் உலோக இணைப்புக் கால்களையும் துடைத்து, போனைத் திறந்தபடியே ஓரிரு நாள் காற்றில் வைத்து, நன்றாக உலர்ந்த பிறகு போட்டுப் பாருங்கள்.

ஸ்மார்ட்போனில் கவர், சிம் ட்ரே, மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். சார்ஜிங் துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். வேகமாக உதறினால் ஓரத்தில் நிற்கிற தண்ணீர் உள்ளே பரவிவிடும். வாயால் ஊதினாலும் அதேதான். பிறகு சிம் ட்ரே இல்லாமலே, துளை கீழ்ப்பக்கம் பார்க்கும்படி சாய்த்து, ஃபேன் காற்று படுகிற இடத்தில் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். அதன் காற்று தண்ணீரை உள்ளே தள்ளும், அதன் சூடு டிஸ்ப்ளேயையும் பின்கண்ணாடியையும் பிடித்திருக்கும் பசையை இளக்கும். வெயிலில் வைப்பது, அடுப்படியில் வைப்பது, காரின் டேஷ்போர்டில் வைப்பது எல்லாம் பேட்டரிக்குக் கேடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும், அதில் போன் உலர நேரமாகும். ஏசி அறை இருந்தால் டிரை மோடில் போட்டு அங்கே வைப்பது நல்லது.

அரிசியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தால் போனைச் சுற்றிக் காற்றோட்டமே நின்றுபோகிறது. போர்டின் மேல் உலோகத் தகடு மூடியிருக்கிறது, அதற்கு அடியில் இருக்கும் சிப்புகளின் கீழே தேங்கிய தண்ணீரை வெளியே கிடக்கும் அரிசியால் இழுக்க முடியாது. அரிசித் தூள் ஈரத்தோடு சேர்ந்து பசையாகி சார்ஜிங் துளைக்குள் ஒட்டிக்கொள்ளும், ஹெட்போன் துளைக்குள் நொய் போய்ச் சிக்கி ஊறிப் பெருத்துவிடும். போனை அரிசிப் பையில் போட வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் கைவசம் இருந்தால் ஒரு டப்பாவில் போடலாம், தவறில்லை. ஆனால் அரிசியில் பெரிய கெடுதல் அது தின்கிற நேரம்தான். கடைக்கு வருகிறவர்களோடு நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“தம்பி, ரெண்டு நாளா அரிசியிலதான் வச்சிருந்தேன்.”

“சரிக்கா, நடுவுல சார்ஜ் போட்டீங்களா?”

“காய்ஞ்சிருக்கும்னு நெனச்சு நேத்து ராத்திரி போட்டேன். ஒரு தரம் லோகோ வந்துச்சு, அப்புறம் வரவே இல்ல.”

விழுந்த அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் போர்டைக் கழுவி உலர்த்துவதோடு போயிருக்கும். அந்த இரண்டு நாளில் ஒரு ஐசியின் (சிப்பின்) கால்கள் தின்னப்பட்டிருக்கும்.

எந்தத் தண்ணீர்?

கடையில் கொடுக்கும்போது இதை மறைக்காமல் சொல்லுங்கள். கழிவறையில் விழுந்தது என்று சொல்லக் கூச்சப்பட்டு ‘மழையில் நனைந்தது’ என்பவர்கள் உண்டு. பழுது பார்ப்பவர் கையுறை போடவும், எதை வைத்துக் கழுவுவது என்று முடிவு செய்யவும் அந்தத் தகவல் தேவை.

மழைத்தண்ணீரும் கேன் தண்ணீரும் மற்றவற்றை விட மென்மையானவை. போர்த்தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்பை விட்டுவிட்டுப் போகும். டீ, ஜூஸ், இளநீர் போன்றவற்றின் சர்க்கரை காய்ந்தபின் பிசுபிசுத்துப் பட்டன்களையும் ஸ்பீக்கர் வலையையும் அடைத்துக்கொள்ளும். வாஷிங் மெஷினில் சட்டைப் பையோடு சுற்றிய போன் தனி ரகம். சோப்பு கலந்த தண்ணீர் சின்ன இடுக்கிலும் எளிதாக நுழையும், தண்ணீர் புகாத போன் என்று வாங்கியதில்கூட.

எல்லாவற்றிலும் மோசம் கடல் தண்ணீர். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உலர்ந்துவிட்டது என்று நினைத்தாலும், தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி நனைந்துகொள்ளும். மெரினாவிலோ ராமேஸ்வரத்திலோ அலையில் விழுந்த போன் ஐபி67 அல்லது ஐபி68 என்ற தண்ணீர் தாங்கும் தரத்தில் இருந்து, கண்ணாடி எங்கும் விரிசல் இல்லாமலும் இருந்தால், அணைத்துவிட்டு நல்ல தண்ணீரில் மெதுவாக ஒரு தரம் அலசித் துடையுங்கள். அந்தத் தரம் இல்லாத போனைத் தண்ணீரில் அலசாதீர்கள். நேராகக் கடைக்குக் கொண்டுபோய் ‘கடல் தண்ணீர், போர்டை எடுத்துக் கழுவுங்கள்’ என்று சொல்லுங்கள். இதில் மணிக்கணக்குதான், நாள்கணக்கு இல்லை.

வெள்ளத் தண்ணீரில் சேறும் சாக்கடையும் சேர்ந்தே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. எண்ணெய்ப் படலம் படிந்த போர்டை வெறும் தண்ணீரால் சுத்தம் செய்ய முடியாது.

ஐபி எண் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி54, ஐபி64 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். அந்தப் போனைப் பக்கெட்டில் போடக் கூடாது. ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68 என்றால் அதற்கு மேல், எவ்வளவு என்று நிறுவனம் சொல்லும். சாம்சங் தன் உயர்ரகப் போன்களுக்கு 1.5 மீட்டர், 30 நிமிடம் என்கிறது. இந்தச் சோதனை புதுப் போனை நல்ல தண்ணீரில் அசையாமல் வைத்துச் செய்வது. ஒரு தரம் கீழே விழுந்து சட்டம் நெளிந்த போனுக்கும், வெளியில் டிஸ்ப்ளே மாற்றிய போனுக்கும் பெட்டியில் அச்சிட்ட அந்த எண் பொருந்தாது.

அறிகுறி: எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்கிறது

கவனமாக இருக்க வேண்டியது இந்த நிலையில்தான். தண்ணீரில் மூழ்கிய போன் அன்றைக்கு நன்றாக ஓடி, இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் எழுந்திருக்காமல் போவது சர்வசாதாரணம். ஈரம் போனாலும் உப்பு உள்ளே இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது. அரிப்பு மெல்ல நடந்துகொண்டே இருக்கும்.

என் கணக்கு இது. மழையில் தெறித்தது, ஈரக் கையால் எடுத்தது போன்றவற்றுக்குத் துடைத்து உலரவிட்டால் போதும். ஐபி67, 68 போன் நல்ல தண்ணீரில் சில நொடி விழுந்தது என்றால் அணைத்து உலரவிட்டு, ஒரு நாள் சார்ஜ் போடாமல் இருந்து, பிறகு கவனித்து வாருங்கள். எந்தத் தரமும் இல்லாத போன் முழுசாக மூழ்கியிருந்தால், ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, திறந்து சுத்தம் செய்தே ஆக வேண்டும். ஓடுகிறதே என்று விடாதீர்கள். ஓடுகிற நேரத்தில் போட்டோ, தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிட்டு, அணைத்துக் கடையில் கொடுங்கள்.

உள்ளே தண்ணீர் போனதா என்று தெரியாவிட்டால் சிம் ட்ரேயை எடுத்து அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐபோன்களிலும் வேறு பல போன்களிலும் அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வெள்ளையாக இருந்தால் அதுவரை தண்ணீர் வரவில்லை. சிவந்திருந்தால் வந்திருக்கிறது.

அறிகுறி: சார்ஜிங் துளையில் ஈரம் என்று எச்சரிக்கை வருகிறது

தண்ணீர்த் துளி படத்தோடு இந்தச் செய்தி வந்தால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். டைப்-சி துளையில் அடுத்தடுத்த கால்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர்தான் தூரம். ஃபாஸ்ட் சார்ஜரில் 9 வோல்ட்டோ அதற்கு மேலோ வரும்போது நடுவே ஒரு துளி ஈரம் இருந்தால், மின்சாரம் வரும் அந்தக் கால் கறுத்துத் தேய்ந்துபோகும். ஐபோனில் அவசரத்துக்கு எச்சரிக்கையை மீறிச் சார்ஜ் செய்ய ஒரு பட்டன் காட்டும். உயிர் போகிற அவசரம் இல்லாவிட்டால் அதைத் தொடாதீர்கள்.

வயரைப் பிடுங்கி, துளை கீழே பார்க்கத் தட்டி, குறைந்தது அரை மணி நேரம் காற்றில் விடுங்கள். மறுபடி எச்சரிக்கை வந்தால் ஒரு முழு நாள் விடலாம். உள்ளே பஞ்சு, டிஷ்யூ பேப்பர், குச்சி எதையும் விடக் கூடாது. வயர்லெஸ் சார்ஜிங் வசதி இருந்தால், போனின் முதுகைத் துடைத்துவிட்டு அதில் சார்ஜ் போடலாம்.

சில சமயம் துளை முழுக்கக் காய்ந்த பிறகும் எச்சரிக்கை போகாது. முதலில் வேறு வயர் போட்டுப் பாருங்கள், ஈரம் வயரின் முனையிலும் இருக்கலாம். சாம்சங் போன் என்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், சிஸ்டம் ஆப்களையும் காட்டச் சொல்லி, யூஎஸ்பி செட்டிங்ஸ் என்பதன் கேஷை (தற்காலிகமாகச் சேமித்த தகவலை) அழித்து ரீஸ்டார்ட் செய்யலாம். அதற்கும் போகவில்லை என்றால் துளைக்குள் அழுக்கோ பச்சைப் படிவோ இருக்கும். போனை அணைத்து, மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் தொட்டுத் தேய்த்து உலரவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மொபைல் உதிரிபாகக் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும். இதற்குப் பதிலாக சானிடைசர், மெடிக்கல் ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல் எதுவும் ஆகாது. ஐபிஏ சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள்.

அறிகுறி: எச்சரிக்கை இல்லை, ஆனால் சார்ஜ் ஏறவில்லை அல்லது ரொம்ப மெதுவாக ஏறுகிறது

உலர்ந்த பிறகுதான் இந்தச் சோதனை. வேறு வயர், வேறு சார்ஜர் மாற்றிப் பாருங்கள். வயரைக் கொஞ்சம் மேலே கீழே அசைத்தால் ஏறுகிறது என்றால் துளையின் கால் போயிருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் சார்ஜிங் துளை ஒரு சின்னத் துணைப்போர்டில் தனியாக இருக்கும். அதை மாற்றுவது சின்னச் செலவுதான். அதே போர்டில்தான் பேசும் மைக்கும் இருக்கும் என்பதால் இரண்டும் சேர்ந்து கெட்டிருந்தால் ஒரே மாற்றத்தில் சரியாகிவிடும். சார்ஜ் ஏறுவதுபோல் குறி காட்டிக்கொண்டே சதவீதம் இறங்கினால் பிரச்சினை மெயின் போர்டில், சார்ஜிங் ஐசி பக்கம்.

அறிகுறி: சத்தம் கரகரக்கிறது, பேசினால் எதிரில் கேட்கவில்லை

ஸ்பீக்கர் வலையில் தண்ணீர்ப் படலம் நின்றால் சத்தம் மூக்கடைத்த மாதிரி வரும். ஸ்பீக்கர் பக்கம் கீழே இருக்கும்படி துணியில் சாய்த்து வைத்தால் ஒரு நாளில் தானே வடிந்துவிடும். தண்ணீரை வெளியேற்றும் சத்தம் என்று கனத்த ஒலியை ஒலிக்கவிடும் ஆப்கள் இருக்கின்றன. ஸ்பீக்கரின் திரை அதிர்ந்து துளிகளைத் தள்ளுவது உண்மைதான். ஆனால் போனை ஆன் செய்தால்தான் அதைச் செய்ய முடியும். தெறித்து நனைந்த போனுக்குச் செய்யலாம், மூழ்கிய போனுக்கு வேண்டாம்.

எந்த மைக் போயிருக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சாதாரணமாகக் காதில் வைத்துப் பேசும்போது கீழ் மைக் வேலை செய்கிறது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போதும் வீடியோ எடுக்கும்போதும் மேல் மைக்கும் சேர்ந்துகொள்ளும். காதில் வைத்தால் எதிரில் கேட்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டால் கேட்கிறது என்றால் கீழ் மைக்தான். ஊசியால் குத்தி அடைப்பு எடுக்கப் பார்க்காதீர்கள். அந்தத் துளைக்குப் பின்னால் தண்ணீரைத் தடுக்கிற மெல்லிய சவ்வு இருக்கிறது, அது கிழிந்தால் அடுத்த தரம் தண்ணீர் நேரே உள்ளே போகும்.

ஹெட்போன் மாட்டாமலே ஹெட்போன் குறி காட்டி, ஸ்பீக்கரில் சத்தமே வராமல் இருந்தால் ஹெட்போன் துளைக்குள் ஈரம். உலர்ந்தால் போய்விடும்.

அறிகுறி: கேமரா கண்ணாடிக்குள் பனி மூட்டம்

போன் சூடாகும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. இது தெரிந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்பது உறுதி. கேமரா மட்டும் பிரச்சினை என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. மூட்டம் ஓரிரு நாளில் தெளிந்து போட்டோவும் நன்றாக வந்தால் நல்லது. தெளிந்த பிறகு வெள்ளைக் கறை நின்றால் அது உப்பு, திறந்துதான் துடைக்க வேண்டும். கேமரா ஆப்பைத் திறந்ததும் படம் நடுங்கிக்கொண்டு உள்ளிருந்து தடதடவென்று சத்தம் வந்தால் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு கெட்டிருக்கிறது. கேமராவை மாற்றுவதுதான் வழி.

அறிகுறி: திரையில் கோடு, திட்டு, தானாக டச் ஆகிறது

எல்சிடி திரையில் ஓரத்திலிருந்து மேகம் போல வெளிச்சத் திட்டு தெரிந்தால், திரைக்குப் பின்னால் இருக்கும் படலங்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்திருக்கிறது. காய்ந்தாலும் தடம் நிற்கும், ஆனால் போனுக்கு ஆபத்தில்லை. ஓஎல்இடி திரையில் பச்சைக் கோடோ கறுப்புத் திட்டோ வந்தால் டிஸ்ப்ளே மாற்ற வேண்டியதுதான்.

தானாக டச் ஆவது வேறு வகை ஆபத்து. பூட்டில் தவறான பின் எண்ணைத் தானே அடித்து அடித்து போன் உங்களையே உள்ளே விடாமல் செய்துவிடும், யாருக்காவது அழைப்பும் போகும். உடனே அணையுங்கள். டிஸ்ப்ளே கனெக்டரில் இருக்கும் ஈரம்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம், கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகும். கடையில் எடுத்த எடுப்பில் ‘டிஸ்ப்ளே மாத்தணும்’ என்றால், முதலில் கனெக்டரைக் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். போர்டைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்ப்ளே போட்டால் அந்தப் பணமும் தண்ணீரில் போன மாதிரிதான்.

பேசும்போது திரை அணைந்து, பேசி முடித்தும் திரும்ப வரவில்லை என்றால் மேலே இருக்கும், போன் காதருகே வந்ததை உணரும் பிராக்சிமிட்டி சென்சாரின் மேல் ஈரம்.

அறிகுறி: தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, லோகோவிலேயே நிற்கிறது

போர்டு போய்விட்டது என்று பயப்படுவதற்கு முன் பட்டன்களைச் சந்தேகியுங்கள். பவர் பட்டனுக்குள் தண்ணீர் நின்றால், யாரோ அழுத்திப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்து போன் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். வால்யூம் பட்டன் அப்படி நின்றால் ஆன் ஆகும்போது பழுது நீக்கப் பயன்படும் ரெகவரி அல்லது ஃபாஸ்ட்பூட் திரைக்குப் போய்விடும். அந்தத் திரையில் ஃபேக்டரி ரீசெட் என்று ஒரு வரி இருக்கும். தெரியாமல் அதைத் தேர்ந்தெடுத்தால் பிழைத்திருந்த போட்டோக்களும் போய்விடும். எதையும் தொடாமல் அணைத்து உலரவிடுங்கள். பட்டன் பட்டையை மாற்றுவது சின்ன வேலை.

அறிகுறி: சிம் எடுக்கவில்லை

ட்ரேயையும் சிம்மின் தங்க நிறக் கால்களையும் துடைத்துப் போட்டுப் பாருங்கள். அதே சிம் வேறு போனில் எடுத்தால் பழுது உங்கள் போனின் சிம் துளையில் அல்லது போர்டில்.

அறிகுறி: போன் சூடாகிறது, முதுகு உப்புகிறது

அணைத்து வைத்த போன் சும்மா கிடக்கும்போதே ஓரிடத்தில் சூடாக இருந்தால் உள்ளே ஷார்ட். சட்டைப் பையிலோ மெத்தையிலோ வைக்காதீர்கள், சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரையில், பக்கத்தில் துணி, காகிதம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். குழந்தைகளை அண்டவிடாதீர்கள். சார்ஜ் என்ற பேச்சே கூடாது. பின்மூடி தூக்கிக்கொண்டு வந்திருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்திச் சமன்படுத்துவதோ, குத்திக் காற்றை வெளியேற்றுவதோ தீயில்தான் முடியும். இனிப்பான ரசாயன வாசனை வந்தால் பேட்டரி கசிகிறது, ஜன்னலைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். புகை வந்தால் போனைக் காப்பாற்றப் பார்க்காமல் எல்லாரையும் வெளியே அழைத்துக்கொண்டு போங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், மின்கழிவோடு போகட்டும்.

அறிகுறி: சுத்தமாக உயிரே இல்லை

இதில் இரண்டு வகை. சிம் இன்னும் உள்ளேயே இருந்தால், முதலில் வேறு போனிலிருந்து உங்கள் எண்ணுக்கு அழையுங்கள். மணி அடித்தாலோ அதிர்ந்தாலோ போன் உயிரோடு இருக்கிறது, டிஸ்ப்ளேதான் போயிருக்கிறது. அப்படியானால் அணைந்திருக்கிறது என்று நீங்கள் நினைத்த போனுக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே நாளில் கடைக்குக் கொண்டுபோய் முதலில் பேட்டரியைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

அசைவே இல்லை என்றால் போர்டில் ஷார்ட் இருக்கலாம், அல்லது பேட்டரி முழுக்க இறங்கியிருக்கலாம். திறக்காமல் இதற்கு மேல் தெரியாது. நல்ல பெஞ்சில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, டிசி பவர் சப்ளையில் போர்டை மாட்டி எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்ப்பார்கள். பவர் பட்டனை அழுத்துவதற்கு முன்பே முள் ஏறினால் மெயின் லைனில் ஷார்ட். அப்போது எந்தப் பாகம் சூடாகிறது என்று தெர்மல் கேமராவில் பார்ப்பார்கள். அது இல்லாவிட்டால் போர்டின் மேல் ரோசின் (சால்டரிங்குக்குப் பயன்படும் பிசின்) புகையைப் படியவிட்டு, எந்த இடத்தில் உருகுகிறது என்று தேடுவார்கள். பல நேரம் கடுகைவிடச் சின்ன கெப்பாசிட்டர் ஒன்றுதான் குற்றவாளி. அதை எடுத்தால் போன் எழுந்துவிடும்.

போன் போனாலும் பரவாயில்லை, போட்டோ வேண்டும்

மெமரி கார்டு இருந்தால் கால்களைத் துடைத்து, உலர்த்தி, கார்டு ரீடரில் போடுங்கள். பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

போனின் உள் நினைவகத்தில் இருப்பது அவ்வளவு எளிதில்லை. சிப்பைக் கழற்றி வேறு கருவியில் படித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், பழைய போன்களுக்கு அது சரி. ஆண்ட்ராய்டு 10 உடன் வெளிவந்த போன்களிலிருந்து தகவல்களைப் பூட்டி வைப்பது கட்டாயம். ஐபோன்களில் அதற்கு முன்பே வந்துவிட்டது. அந்தச் சாவி போனின் பிராசசரோடு பிணைந்தது. அதனால் அதே போர்டு ஒரு தரமாவது உயிர் பெற்று, உங்கள் பின் எண்ணை ஏற்றுக்கொண்டால்தான் எதையும் எடுக்க முடியும். கடையில் சொல்லும்போது ‘போன் ஓடணும்’ என்று சொல்லாமல் ‘டேட்டாதான் வேணும்’ என்று சொல்லுங்கள். செய்யும் வேலையும் எடுக்கும் ரிஸ்க்கும் வேறு.

திரை தெரிகிறது, டச் மட்டும் இல்லை என்றால், துளை உலர்ந்த பிறகு யூஎஸ்பி கருவிகளைப் போனில் மாட்ட உதவும் ஓடிஜி வயரில் சாதாரண மவுஸை மாட்டுங்கள். திரையில் அம்புக்குறி வரும், அதை வைத்துப் பூட்டைத் திறந்து பேக்கப் எடுத்துவிடலாம். திரையே தெரியாவிட்டால், டைப்-சி வழியாக டிவிக்குப் படம் அனுப்பும் வசதி உள்ள போன்களில் ஹெச்டிஎம்ஐ ஹப்பும் மவுஸும் சேர்த்து மாட்டிப் பார்க்கலாம்.

கழற்றிய சிம்மை அன்றைக்கே வேறு போனில் போடுங்கள். வங்கி ஓடிபி, கேஸ் புக்கிங், அலுவலக லாகின் எல்லாம் அதில்தான். அதே சிம் என்பதால் புது சிம் வாங்கும்போது வருகிற எஸ்எம்எஸ் தடை இதற்கு இல்லை. யுபிஐ ஆப்பை மட்டும் அந்தப் போனில் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருக்கும். கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் இசிம் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வழி கிடையாது, நெட்வொர்க் நிறுவனத்தின் கடைக்குப் போக வேண்டியிருக்கலாம்.

கடையில் கேட்க வேண்டியவை

‘போர்டை வெளியே எடுத்து, தகடுகளைக் கழற்றி, ஐபிஏ போட்டுக் கழுவுவீர்களா?’ என்று நேராகக் கேளுங்கள். வெளியிலிருந்தே ஹீட் காட்டித் திருப்பித் தருகிற இடத்தில் கொடுக்காதீர்கள். அல்ட்ராசோனிக் க்ளீனர் வைத்திருக்கும் கடை கூடுதல் நல்லது, சிப்புக்கு அடியில் இருக்கும் படிவு அதில்தான் வெளியேறும். கழுவுவதற்கு முன்னும் பின்னும் போர்டைக் காட்டச் சொல்லலாம். வேலை தெரிந்தவர்கள் தயங்காமல் காட்டுவார்கள். மூடும்போது புது வாட்டர் சீல் ஒட்டச் சொல்லுங்கள், ஒட்டினாலும் அது பழைய தரத்துக்கு வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் ஓடுகிற நிலையில் கொடுப்பதாக இருந்தால், சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோடும் கூகுள் பிக்சலில் ரிப்பேர் மோடும் இருக்கின்றன. அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் போட்டோக்களை யாரும் பார்க்க முடியாது.

வாரண்டி இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள், ஐபி68 போனாக இருந்தாலும் தண்ணீரால் வந்த பழுதைச் சாதாரண வாரண்டியில் சேர்ப்பதில்லை. போன் வாங்கும்போது விபத்துப் பாதுகாப்புத் திட்டமோ இன்சூரன்ஸோ தனியாக எடுத்திருந்தால் நிலைமை வேறு. எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். வெளிக்கடையில் திறந்த போனுக்குப் பணம் தர மறுத்துவிடுவார்கள் என்பதால், தெருமுனைக் கடைக்குப் போவதற்கு முன்பு அந்த பில்லைத் தேடி எடுத்து முதலில் அவர்களுக்குப் போன் செய்துவிடுங்கள்.